செல்லாண்டியம்மன் எஃப்.சி.யின் தீபாவளி போனஸ்

உலகத்திலேயே கால்பந்து வீரர்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்த ஒரே முதலாளி எங்கள் சிங்காநல்லூரில்தான் இருக்கிறார். அதுவும் இல்லாத வீரர்களுக்கு. கம்ப்யூட்டரே பெயர் வைத்து, கம்ப்யூட்டரே மூக்கும் முழியும் வரைந்து, கம்ப்யூட்டரே ஓடவிடுகிற ஆட்களுக்கு. வாங்கிக்கொண்டவர்களில் ஒருத்தர்கூட நன்றி சொல்லவில்லை. கொடுத்தவருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கம் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். நூல்காரர் என்று கேட்டால் கையைப் பிடித்து பேக்கரி வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மில்லில் நூல் வாங்கிப் பல்லடத்துத் தறிக்காரர்களுக்கு முடித்துக்கொடுக்கிற புரோக்கர். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. பேக்கரி பெஞ்சு, இரண்டு போன், ஒரு துண்டு, அவ்வளவுதான் கம்பெனி. காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அதற்குள் எத்தனை டன் நூல் இடம் மாறியிருக்கும் என்பது அவருக்கும் செல்லாண்டியம்மனுக்கும்தான் தெரியும்.

கால்பந்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. பந்தை உதைத்தவரில்லை, யாராவது உதைப்பதை நின்று பார்த்தவரும் இல்லை. திருப்பூர் பனியன் பார்ட்டி ஒருவர் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டிய லிங்க்கைத் தவறிப்போய் இவருக்கு அனுப்பிவிட்டார். அன்றைய நூல் ரேட் என்று நினைத்து இவர் அழுத்தினார். பெயர் கேட்டது, சொன்னார். சம்மதமா என்று கேட்டது, சம்மதம் என்றார். டீ ஆறுவதற்குள் ஒரு கால்பந்து கிளப்புக்கு முதலாளி ஆகிவிட்டார்.

ஆன்லைனில் உலகம் பூராவும் ஆளுக்கொரு அணியை வைத்து நடத்துகிற விளையாட்டு அது. வீரர்களை வாங்கலாம், விற்கலாம், சம்பளம் போடலாம், யார் எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவு செய்யலாம். மேட்சைக் கம்ப்யூட்டர் நடத்தும். என்ன நடந்தது என்பதை நாம் வரிவரியாக வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வேறு யாராவதாக இருந்தால் சீ என்று அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் அப்படியில்லை. அத்தனை பேர் நம்மை நம்பி நிற்கும்போது எப்படி விட்டுவிட்டுப் போவது என்று, பிற்பாடு நான் விசாரித்தபோது என்னையே திருப்பிக் கேட்டார். குலதெய்வத்தின் பெயரை வைத்து, ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை, செல்லாண்டியம்மன் எஃப்.சி. தொழிலைத் தொடங்கியது.

தொழில் என்றுதான் சொல்ல வேண்டும். மில்லில் நடப்பது போலவே எல்லாம் நடந்தது. ராகு காலத்தில் ஆள் எடுக்க மாட்டார். ஏலத்தில் அருமையான ஒரு தடுப்பாட்டக்காரன் தண்ணீர் விலைக்கு வந்தான். ஏலம் முடிகிற நேரம் ராகு காலத்துக்குள் விழுந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நேரம் முடியட்டும் என்று தேங்காய் பன் சாப்பிட்டார். அவனை யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தது ஷிப்ட். எல்லாருக்கும் சமமாக வேலை கொடுக்க வேண்டும் என்று ஏ ஷிப்ட், பி ஷிப்ட் பிரித்துவிட்டார். போன வாரம் கோல் அடித்தவன் இந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை கணக்குத் தப்பி, கோல் அடிக்க வேண்டியவனே கோல்கீப்பராக நின்றான். ஏழு கோல் வாங்கினோம். புது ஆளுக்கு மெஷின் பழக நாளாகும் என்று அதற்கும் சமாதானம் சொன்னார்.

இந்தக் கூத்துக்குள் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை வீடியோ காலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரில் முகம் இல்லை, குரல் மட்டும்தான். எழுதி வைத்ததை ஒரு பெண் வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறினார். அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் என் ஆபீஸ் மெயில் திறக்கவில்லை. பதினாறு வருஷத்து வேலை.

வீட்டில் உட்கார முடியவில்லை. காரணம் என் மாமனார். ஆறுதல் சொல்ல அவிநாசியிலிருந்து வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். நல்ல மனுஷர், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் பல் விளக்கிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள், யாராவது கூப்பிட்டார்களா என்று விசாரிப்பார். காபி குடிக்கும்போது இன்னொரு தடவை விசாரிப்பார். அவருக்குப் பயந்துதான் நான் பேக்கரிக்குப் போக ஆரம்பித்தேன். நூல்காரர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் அண்ணா, அவருக்கு நான் தம்பி. வேலை போன கதையை அவரிடம் ஒரு தடவைதான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை ஆறுதல் இல்லை. கல்நெஞ்சக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் போனதும் போனை நீட்டினார். அந்த விளையாட்டில் நமக்கு உதவியாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். செல்லாண்டியம்மன் எஃப்.சி.யின் உதவிப் பயிற்சியாளர் என்று என் பெயரைப் போட்டிருந்தார். பக்கத்தில் சம்பளமும் போட்டிருந்தார், அதுவும் தாராளமாக. சம்பளம் இல்லாமல் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே எழுதியிருந்ததைக் காட்டினேன். கூலி கொடுக்காமல் யாரையும் வேலை வாங்கிப் பழக்கமில்லை என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு டீ வாங்க முடியுமா? வீட்டில் சொன்னால் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மாமனார் விசாரித்தபோது, "கால்பந்து டீமுக்கு அசிஸ்டென்ட் கோச் ஆயிருக்காருங்கப்பா" என்று அவளே பதில் சொல்லிவிட்டாள். பி.எஃப். பிடிப்பார்களா என்று கேட்டார் மனுஷர்.

எரிச்சலோ என்னவோ, மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கு நான் பெஞ்சில் ஆஜர். முதல் வேலையாக ஷிப்ட் முறையை ஒழித்தேன். அவரவர் இடத்தில் அவரவரை நிறுத்தினேன். ஜெயிக்க ஆரம்பித்தோம். முக்கியமாகச் செவலையனால் ஜெயித்தோம். பதினாறு வயதில் எங்கள் கிளப்பின் இளையோர் அணியில் முளைத்த பையன். வாயில் நுழையாத ஏதோ பெயர். படத்தில் செம்பட்டைத் தலையோடு இருந்ததால் அண்ணன் செவலையன் என்று கூப்பிட்டார். மற்றவர்களை வாங்கினோம், இவன் நம்ம ஊட்டுப் பையன் என்பார். அவன் கோல் அடித்தால் பேக்கரியில் இருக்கிற எல்லாருக்கும் பப்ஸ். கடைக்காரர் எங்கள் மேட்ச் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடி பப்ஸ் போட்டார்.

அப்போதுதான் தீபாவளி வந்தது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் கொடுக்காத முதலாளி தெருவில் தலை காட்ட முடியாது. எத்தனை சதவீதம் என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதே பேச்சாக இருக்கும். நூல்காரருக்குத் தூக்கம் வரவில்லை. விளையாட்டில் போனஸ் என்று ஒரு பட்டனைத் தேடியிருக்கிறார், இல்லை. சம்பள உயர்வு என்று ஒன்று இருந்தது. நான் என் மனைவிக்குப் புடவை எடுக்க ஒப்பணக்காரத் தெருவில் நசுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் ஓர் ஆள் விடாமல் அத்தனை பேருக்கும் சம்பளத்தை உயர்த்திவிட்டார். செவலையனுக்கு எல்லாரையும்விட அதிகம். பண்டிகைக்கு ஒரு தடவை கொடுக்கிற பணம் என்பது அவர் நினைப்பு. வாராவாரம் கொடுத்தாக வேண்டிய பணம் என்பது கம்ப்யூட்டரின் நினைப்பு. வீரர்கள் மிகுந்த உற்சாகத்தில் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஏன் இருக்க மாட்டார்கள்?

தீபாவளி முடிந்து பலகாரம் தீர்வதற்குள் சிவப்பு எழுத்தில் அடுத்த செய்தி வந்துவிட்டது. நான் வாசித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கிளப்பும் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று அந்த விளையாட்டில் ஓர் உச்சவரம்பு உண்டு. நாங்கள் அதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் உள்ளே வராவிட்டால், அதிகச் சம்பளக்காரனிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரே வெளியே தள்ளிவிடும். விற்காது, வேறு கிளப்பில் சேர்க்காது, வெறுமனே கழற்றி விட்டுவிடும். முதல் ஆள் செவலையன்.

அண்ணனுக்கு உச்சவரம்பு என்ற வார்த்தை புதிதில்லை. காடு தோட்டம் என்று நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். "எங்க தாத்தன் காலத்துல காட்டுக்குப் போட்டாங்க. இப்ப பந்துக்கும் போட்டுப்போட்டாங்ளா?" என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் கவலையே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் எங்கள் லீகில் புதிதாக மூன்று கிளப்புகள். ஒன்று அவர் மனைவி பேரில், ஒன்று கொழுந்தியாள் பேரில், ஒன்று காங்கேயத்தில் இருக்கிற மச்சான் பேரில். எங்கள் ஆட்களை மூன்று பேர் மூன்று பேராகப் பிரித்து அங்கே அனுப்பி வைத்திருந்தார். நிலத்தைச் சொந்தக்காரர்கள் பேரில் எழுதிவைத்து அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே, இதற்குச் செய்தால் என்ன என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. நான்கு முதலாளிகளும் ஒரே போனிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து, மூன்று கிளப்பையும் மூடி, அத்தனை பேரையும் திருப்பி அனுப்பி, எச்சரிக்கையும் கொடுத்தது. தாசில்தாரைவிட மோசமாக இருக்கிறானே என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

ஏறின சம்பளத்தைக் குறைக்க வழியில்லை, எந்த வீரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆக, ஆளைக் குறைக்க வேண்டும். நான் மடிக்கணினியைத் திறந்து, யார் குறைவாக ஆடியது, யாருக்கு வயசாகிவிட்டது என்று பிரித்து, இந்த எட்டுப் பேரைக் கழற்றிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்றேன். பட்டன்கூட இருந்தது. அவர் அந்தப் பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர்த்தாப்பல எட்டுப் பேரைத் தெருவுல உடறதுங்களா? ஆகாதுங்க தம்பி. அவங்கவங்களுக்கு ஒரு எடம் பாத்துப்போட்டுத்தான் அனுப்போணும்."

எங்கள் பக்கத்தில் அது ஒரு பழக்கம். தறியைக் குறைத்தால் ஆளைப் பக்கத்து ஷெட்டில் சேர்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சரி, கம்ப்யூட்டர் பொம்மைக்குமா? நான் சண்டையே போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. எங்களைப் போலவே கிளப் நடத்துகிற மற்ற நாட்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். போனில் தமிழில் பேசினால் அது அவர்கள் பாஷைக்கு மாற்றிக்கொடுக்கும். முதலில் சௌக்கியம் விசாரிப்பு, பிறகு மழை உண்டா என்று விசாரிப்பு, அதன் பிறகுதான் ஆள் விஷயம். ஆள் விஷயத்திலும் முதலில் குறையைச் சொல்லுவார். நூல் வியாபாரத்தில் அவர் வழக்கம் அது, சரக்கில் நொள்ளை இருந்தால் வாங்குகிறவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவார். "ஆளு தங்கமுங்க. ஆனா ரெண்டாவது பாதியில மூச்சு வாங்கும், சொல்லிப்போட்டேன்." இப்படி யாராவது விற்பார்களா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இது என்ன மோசடி என்று கேட்டு எழுதினார்.

போலந்து நாட்டுப் பெண்மணி ஒருத்தர் மட்டும், எங்கள் ஊரில் மூன்று நாளாகப் பனி என்று பதில் போட்டார். அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. அவரை அம்மணி என்றே கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் கிழட்டுக் கோல்கீப்பருக்கு முழங்கால் சரியில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். வெறுமனே பெஞ்சில் உட்கார வைத்துவிட வேண்டாம், மாதத்துக்கு ஒரு மேட்சாவது ஆட வையுங்கள் என்று ஒரு வேண்டுகோளும் வைத்தார். ஆட வைக்கிறேன் என்று அந்த அம்மாள் எழுதிக்கொடுத்தார். அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். குறையை முன்கூட்டியே சொல்லுகிற ஆள் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று செய்தி பரவியிருக்கும் போலிருக்கிறது. அந்த வாரம் பல்லடத்துக்காரர்கள் நூலுக்குப் போன் செய்து செய்து ஓய்ந்துபோனார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவர் போகும்போதும் அந்தப் படத்தைப் பார்த்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். சிரித்துக்கொண்டிருந்த நான் ஐந்தாவது ஆள் போகும்போது சிரிப்பதை நிறுத்திவிட்டேன். என்னை யாரும் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி. இன்னும் கொஞ்சம் இடித்தது, உள்ளே வரவில்லை. எட்டாவது ஆளைச் சீந்துவாரில்லை. எங்களிடம் மீதியிருந்த ஆட்களைக் கேட்டும் யாரும் வரவில்லை, எல்லாருடைய கிளப்பும் நிரம்பிவிட்டது. செவலையனை மட்டும் அந்தப் போலந்து அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். அவனைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அவன் போனால் அந்த வருஷம் நாங்கள் கீழ் லீகுக்கு இறங்கிவிடுவோம், அதில் சந்தேகமே கிடையாது. அண்ணன் டீயைத் தொடவில்லை. நான் போனை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஊழியர்கள் என்ற பக்கத்தில் கண்டுபிடித்தேன். உதவிப் பயிற்சியாளரின் சம்பளமும் உச்சவரம்புக் கணக்கில்தான் வருகிறது. அது ஒன்றைக் கழித்தால் போதும், செவலையனும் இருப்பான், எட்டாவது ஆளும் இருப்பான்.

எனக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, வழி கெடைச்சிருச்சு. என்னைத் தூக்கிப்போடுங்க, கணக்கு நேராயிரும்" என்றேன்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க தம்பி, ஒருக்கா அனுப்புனது பத்தாதுங்களா? ரெண்டாவதா நானும் அனுப்போணுமா?"

இது விளையாட்டுதானே, நிஜச் சம்பளமா என்று நான் ஏதோ சொன்னேன்.

"வெளையாட்டுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பத்தாங்கிளாஸ் பெயிலுன்னாலும் அந்தளவுக்குத் தெரியுமுங்க. நீங்க மொகம் வாடி உக்காந்திருந்தீங்க, பாக்க முடியலீங்க. எங்கையில வேற வேலை எதுவும் இல்லை, இருந்ததைக் குடுத்தேன். அதையும் புடுங்கிப்போட்டா நாளைக்குக் காலையில எங்கீங்க போவீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை வரவில்லை, மாமனார் கேட்டபோதெல்லாம் வரவில்லை, பேக்கரி பெஞ்சில் அத்தனை பேர் பார்க்க வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. போலந்து அம்மாளுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் குறையைத்தான் சொன்னார், பையனுக்குக் கொஞ்சம் கோபம் வரும், அடிக்கடி மஞ்சள் அட்டை வாங்குவான், கண்டிக்காமல் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வான். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மாள் சம்மதித்தார். செவலையனின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினார். சிவப்பு எழுத்து மறைந்தது. இரண்டு பப்ஸ் சொல்லி ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

நான் சொன்னபடியே ஆயிற்று. அந்த வருஷம் வரிசையாகத் தோற்று, கடைசி இடத்தில் முடித்து, கீழ் லீகுக்கு இறங்கினோம். போலந்து அம்மாளின் அணி எங்கேயோ மேலே போய்விட்டது. செவலையன் அங்கே கோல் அடித்தாலும் சிங்காநல்லூரில் பப்ஸ் உண்டு. அம்மாள் பனி எப்படி என்று எழுதுவதும், அண்ணன் நூல் ரேட் எப்படி என்று பதில் எழுதுவதும் இப்போதும் நடக்கிறது.

சில மாதம் கழித்து எனக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில், இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்து நான் போகாமல் விட்ட இடங்கள் உண்டு. அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கால்பந்து அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன், சம்பள உச்சவரம்புப் பிரச்சினை ஒன்றைச் சமாளித்தோம் என்றேன். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். மாமனார் அவிநாசிக்கு மூட்டை கட்டினார்.

சேதி சொல்லப் போனபோது அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் உங்களுக்கு நேரம் இருக்காது, வேண்டுமானால் நம்ம வேலையை விட்டுவிடுங்கள் தம்பி, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நன்றாக இருக்கிறதே நியாயம்! அந்த மாதங்களில் காலையில் எழுந்து, குளித்து, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு ஓர் இடம் இருந்தது என்றால், அது இந்த மனுஷர் கொடுத்த வேலையால்தான். பம்ப் கம்பெனியை என்றைக்காவது விட்டாலும் விடுவேன், செல்லாண்டியம்மன் எஃப்.சி.யை விடுவதாக இல்லை.